கையுறை அக்கா

அந்த வருடம் மெட்ராஸ் ஐ வந்தபோது மாம்பலத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார்கள். தபால்காரர் போட்டிருந்தார். தயிர் விற்கிற அம்மாள், மகன் வாங்கிக் கொடுத்ததென்று சொல்லிக்கொண்டு, முகத்தில் பாதியை மறைக்கிற கண்ணாடியோடு கூடையைச் சுமந்து வந்தாள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. நோய் வந்தவர் கண்ணைப் பார்த்தாலே நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிய காலம் அது. அதனால் கண்ணை மறைப்பது ஒரு மரியாதை ஆகிவிட்டது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது ஒருத்தியைத்தான். அவள் கண்ணாடி போடவில்லை. இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு நடந்தாள்.

எழுபதுகள் தொடங்கியிருந்தன. எனக்கு இருபத்திரண்டு வயது. மவுண்ட் ரோடில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அப்பாவுக்குப் பனகல் பார்க் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஐந்து போர்ஷன் உள்ள ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்கார மாமி. நடுவில் முற்றம். முற்றத்தில் ஓர் அடிபம்பு, அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான். எங்களுக்கு அடுத்த போர்ஷனில் அக்காவும் அவள் புருஷனும் இருந்தார்கள்.

அக்கா கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா லேபில் நெகடிவ் கட்டிங் வேலை செய்தாள். எடிட்டர் வெட்டி ஒட்டிக் கொடுத்த பிரிண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அசல் நெகடிவை அதே இடத்தில் வெட்டி ஒட்டுகிற வேலை. பிலிம் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எண்கள் இருக்குமாம். அதை லென்ஸ் வைத்துப் பார்த்து, எண்ணுக்கு எண் சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். பிரிண்டைத் தப்பாக வெட்டினால் வேறு பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். நெகடிவ் ஒன்றே ஒன்றுதான். அதில் விரல் ரேகை பட்டால் திரையில் அரண்மனைக் கதவு அளவுக்குத் தெரியும் என்று அக்கா சொல்வாள். அதனால்தான் அங்கே எல்லோருக்கும் வெள்ளைக் கையுறை.

அந்த வேலை அவள் உடம்பிலேயே ஏறிவிட்டிருந்தது. எதையும் ஓரத்தில்தான் பிடிப்பாள். தபால் வந்தால் மூலையைப் பிடித்து வாங்குவாள். டம்ளரை விளிம்பில் இரண்டு விரலால் தூக்குவாள். எங்கள் அம்மா தட்டில் வைத்துக் கொடுத்த அதிரசத்தைக்கூட ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "நான் போட்டுக் குடுத்ததுல என்னத்தத் தேடுதா அவ?" என்று என்னிடம் கேட்டாள்.

பேச்சும் அப்படித்தான். தேவையான இடத்தில் வெட்டிவிடுவாள். பேசுவதற்கெல்லாம் சேர்த்து அவள் புருஷன் இருந்தார். ஸ்டுடியோவில் லைட்மேனாக இருந்தவர். செட்டுக்கு மேலே விளக்கு கட்டும் பலகையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வாசலில் ஒரு மரநாற்காலியில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பார். யார் போனாலும் ஒரு வார்த்தை.

"இன்னா பாப்பா, இன்னிக்கு மூஞ்சி தொங்கிக்கினு கீது? மேனேஜர் திட்டுனானா?"

"இல்லண்ணே, பஸ் கிடைக்கல."

"பஸ்ஸுதான? அது நாளைக்கும் வராது. சிரிச்சிக்கினே போ."

அக்கா ஒருத்தி சம்பாதித்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. லேபில் நாள் கூலி. போகாத நாளுக்கு ஒன்றும் இல்லை. இது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் கையுறையைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்புதான் வந்தது.

லேபில் நெகடிவ் வெட்டுகிறவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேருக்குக் கண் சிவந்ததும் மேனேஜர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ரிலீஸுக்கு நாள் குறித்த படம் ஒன்று அக்காவின் மேசையில் இருந்தது. லேபுக்கு வந்த கண் டாக்டர், இது பார்வையில் வருவதில்லை, நோய்க்காரர் தொட்ட இடத்தைத் தொட்டு, அதே கையால் கண்ணைத் தொட்டால் வருவது என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் கூலிங் கிளாஸ் வாங்கினார்கள். அக்கா மட்டும் லேபில் கழித்துப் போட்ட பழைய கையுறைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு ஜோடி கையில். இன்னொரு ஜோடி அடுப்பில், சோப்புத் தண்ணீரில் கொதிக்கும். பிறகு கொடியில் காயும்.

கொடியில் கையுறைகள் தொங்குவதைப் பார்த்துத்தான் மாமி முதலில் முகத்தைச் சுளித்தாள். "விடிஞ்சு எழுந்தா கையா தொங்கறது" என்றாள். ஆனால் சண்டை வந்தது பம்படியில்.

மாமி நல்லவள்தான். வாடகை ஒரு வாரம் தள்ளினால் கேட்க மாட்டாள். ஆனால் ஆசாரம் அதிகம். காலையில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு மடியாகத் தண்ணீர் எடுக்க வருவாள். அவள் தலை தெரிந்ததும் நாங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு விலகி நிற்க வேண்டும். பம்பின் கைப்பிடியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடிப்பாள். யாராவது தெரியாமல் முந்தானை பட உரசிவிட்டால் மறுபடி குளியல். நாங்கள் அதை மழை வெயில் போல ஏற்றுக்கொண்டிருந்தோம். குடி வந்த புதிதில் மாமி அக்காவிடம் சுற்றி வளைத்து, "நீங்கள்ளாம் யாரு?" என்று கேட்டாளாம். "சினிமாக்காரங்க மாமி" என்றாளாம் அக்கா. அதற்கு மேல் மாமிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சந்தேகம் மட்டும் கிடைத்தது. அக்கா அடித்துவிட்டுப் போன நாளில் கைப்பிடிக்கு இரண்டு தரம் புளி.

அன்று அக்கா கையுறையோடு வந்து பம்பைப் பிடித்தாள். மாமி முற்றத்துப் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டிம்மா, இதென்ன புதுசா? கைல உறையை மாட்டிண்டு என் பம்பைத் தொடறே?"

"மெட்ராஸ் ஐ சுத்துது மாமி. கையாலதான் வருதுன்னு டாக்டர் சொன்னாரு."

"அப்போ எங்க கையெல்லாம் என்ன? நாங்க தொட்ட எடத்தைத் தொட்டா நோக்கு ஒட்டிக்குமோ? யாரைப் பாத்துடி ஒதுங்கறே நீ?"

அக்கா அடிப்பதை நிறுத்தவில்லை. குடம் நிறைந்தது. இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நீங்க தொடாம இருந்தா ஆச்சாரம். நான் தொடாம இருந்தா திமிரா மாமி?"

சாதாரணமாகக் கேட்டாள். உரக்கக்கூட இல்லை. கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் ஐந்தாறு பேர் குடங்களோடு நின்றோம். அம்மா என் கையைக் கிள்ளி, "வா, சோலியப் பாரு" என்று இழுத்துக்கொண்டு போனாள். மாமி அடுத்த மாதமே போர்ஷனைக் காலி பண்ணச் சொல்லப் போவதாக அன்று மாலை பேச்சு. அக்காவின் புருஷன் நாற்காலியில் இருந்தபடியே சிரித்தார். "காலி பண்ணச் சொன்னா என்னையத் தூக்கிக்கினு போவ நாலு ஆளையும் மாமியே அனுப்பணும்."

மறுநாளும் அக்கா கையுறையோடுதான் வந்தாள்.

பஸ்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது எனக்கு வாய் கூசுகிறது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் அக்காவும் மயிலாப்பூருக்குக் கிளம்பினோம். அவள் புருஷனின் இடுப்புக்குத் தடவுகிற தைலம் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில்தான் கிடைக்கும். எனக்குப் புடவைக்கு ஃபால்ஸ் வாங்க வேண்டும். பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம். ஜன்னலோரம் ஒரு பெரியம்மா, நடுவில் அக்கா, ஓரத்தில் நான். கண்டக்டர் வந்தார். கட்டை விரலை நாக்கில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.

அக்கா வாங்கவில்லை. "எச்சி தொடாம வேற ஒண்ணு குடுங்க சார்" என்றாள்.

கண்டக்டர் அப்போதுதான் கைகளைக் கவனித்தார். "இன்னாம்மா, கையில இன்னா உறை? இங்கிலாந்து ராணியா நீ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜன்னலோரப் பெரியம்மா சிரிக்கவில்லை. கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று புடவையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "பெருவியாதியா இருக்கப் போவுது சார். விரல மறைக்கத்தான் இந்த மாதிரி போடுவாங்க."

குஷ்டத்துக்கு அப்போது அதுதான் பெயர். அந்தச் சொல் பஸ்ஸுக்குள் ஓடிய வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நின்றுகொண்டிருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். யாரோ கண்டக்டரைத் திட்டினார்கள். அவருக்கும் பயம் வந்துவிட்டது.

"கையக் கழட்டிக் காட்டிடும்மா. ஒண்ணுமில்லன்னா உக்காந்துக்க. இல்லன்னா எறங்கிடு."

கழற்றிக் காட்ட எத்தனை நேரம் ஆகும். அழகான கை அவளுடையது, நீளமான விரல்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், காட்டிவிடேன் என்பது போல. அவள் காட்டவில்லை.

"காட்ட மாட்டேன் சார். வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

விசில் ஊதினார். வண்டி ஆழ்வார்ப்பேட்டைக்கு முன்னால் ஏதோ ஒரு மரத்தடியில் நின்றது. அக்கா எழுந்து இறங்கினாள். நான் இறங்கவில்லை. அதற்கும் முன்பே ஒன்று நடந்திருந்தது. பெரியம்மா அந்த வார்த்தையைச் சொன்னபோது, நான் அவளை விட்டு இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்திருந்தேன். எனக்குத் தெரியும், அவளுக்கு ஒன்றும் இல்லையென்று. தெரிந்தும் உடம்பு நகர்ந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

மயிலாப்பூரில் இறங்கி, குளத்துக்கு எதிரே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். இருபது நிமிடத்தில் அடுத்த பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினாள். கையுறை கையிலேயே இருந்தது. அந்தப் பஸ்ஸில் யாரும் கேட்கவில்லையா, கேட்டும் அவள் காட்டவில்லையா என்று நான் கேட்கவில்லை.

"வா, கடைய மூடிடப் போறான்" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கடுத்த வாரம் எங்கள் வீட்டிலேயே நோய் புகுந்தது. முதலில் மூன்றாவது போர்ஷன். பிறகு எங்கள் அம்மா, பிறகு நான். காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தன. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. அம்மா நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்மேல் வைத்தாள். அப்பா வீட்டுக்கு வராமல் கடையிலேயே படுத்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். பம்படியில் காலை நேரம் கூட்டமே இல்லை.

அக்கா வேலையிலிருந்து திரும்பியதும் எங்கள் போர்ஷனுக்கு வந்து எனக்கும் அம்மாவுக்கும் மருந்து விடுவாள். கையுறையோடு இமையைப் பிரித்து, சொட்டு விட்டு, அந்த ஜோடியை அப்படியே கொதிநீரில் போட்டுவிடுவாள். இரண்டாம் நாள், கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, நான் கேட்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்க அதுதான் சமயம்.

"அக்கா, அன்னிக்கு பஸ்ல நான் நகர்ந்து உக்காந்தேன்."

"ம்."

"நீங்க ஏன் கையக் காட்டல? காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்ல."

இன்னொரு கண்ணில் சொட்டு விட்டாள். மருந்து வழிந்ததைப் பஞ்சால் ஒற்றினாள்.

"எனக்கு முடிஞ்சிருக்கும். நாளைக்கு நெசமாவே அந்த வியாதி கீறவ ஒருத்தி ஏறுவா. அவளாண்டயும் கையக் காட்டுன்னு கேப்பான். அவ எங்க போவா? ஆஸ்பத்திரிக்குக்கூட பஸ்லதான போவணும்."

பிறகு, "கண்ணக் கசக்காத" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

எனக்குக் கண் தெளிந்ததும் ஒரு ஜோடிக் கையுறை கேட்டேன். கொடுத்தாள். அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் அவள் பிடிவாதத்தின் அர்த்தம் புரிந்தது. கையில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு நொடிக்கு நொடி வந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளில் நாம் எத்தனை தடவை மூக்கையும் கண்ணையும் தொடுகிறோம் என்பது அப்போதுதான் தெரிகிறது. நான் சொன்னதும் அக்கா, "அதுக்குத்தான் அது. கைய மறக்க உடாது" என்றாள்.

இதற்குள் முன்கட்டில் நிலைமை மோசமாகியிருந்தது. மாமியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மருமகன் பம்பாயில். குழந்தையைக் குளிப்பாட்ட வருகிற அம்மாளுக்கு முதலில் கண் சிவந்தது. அடுத்து மகளுக்கு. அடுத்து மாமிக்கே. பால் கொடுக்கிற நேரம் தவிரத் தாய்கூடக் குழந்தையைத் தொட வேண்டாம், அதுவும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான், இவ்வளவு சின்னக் கண்ணுக்கு வந்தால் கஷ்டம் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். குழந்தை தொட்டிலில் கிடந்து அழுதது. பின்கட்டுக்கும் கேட்டது. தூக்க ஆள் இல்லை. அந்த வளவில், ஐந்து போர்ஷனிலும் சேர்த்து, நோயே வராமல் தப்பியிருந்தது இரண்டே பேர்தான். ஒருவர் நாற்காலியை விட்டு எழ முடியாதவர்.

மாமி பின்கட்டுக்கு வந்தாள். நாங்கள் குடியிருந்த ஆறு வருடத்தில் அவள் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னமெல்லாம் நீர். அக்காவின் வாசலுக்கு நாலடி தள்ளி நின்றாள்.

"உன்னாண்ட கேக்க நேக்கு வாயில்லை. குழந்தையை ரெண்டு வேளை தூக்கிக் குளிப்பாட்டித் துடைச்சு விடணும். நீ வரயா?"

அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"முடியாது மாமி. எனக்குக் கண்ணு போச்சுன்னா வேல போச்சு. ரிலீஸ் படம் கைல கீது."

மாமி தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். அக்காவின் புருஷன் அன்று பேசவே இல்லை. முன்கட்டில் குழந்தை அழும்போதெல்லாம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், கையுறைகளைக் கொதிக்கப் போட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம் பம்பு அடிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அக்கா பம்பின் கைப்பிடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமி படியில் வந்து நின்றாள்.

"தள்ளி நில்லுங்க மாமி. எம்மேல படாதீங்க" என்றாள் அக்கா.

மாமி விலகினாள். சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள். அக்கா தண்ணீர்க் குடத்தோடு முன்கட்டுக்குள் நுழைந்தாள். முகம் கழுவி, முழங்கை வரை கையைத் தேய்த்துக் கழுவினாள். கையுறையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினாள். பச்சைக் குழந்தையைத் துணி போட்ட கையால் பிடித்துக் குளிப்பாட்ட முடியாது, நழுவும். கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மேலே கிடத்தினாள். எதையும் ஓரத்தில் பிடிக்கிறவள், அதை மட்டும் இரண்டு உள்ளங்கைகளும் நிறைய ஏந்தினாள். தாய் அறைக்கு வெளியே நின்று அழுதுகொண்டே பார்த்தாள். நான் வெந்நீர் விளாவிக் கொடுத்தேன். எனக்கு அப்போது முழுக்கக் குணமாகி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. "நீ செம்பத் தவர எதையும் தொடாத" என்று எனக்கும் உத்தரவு.

இப்படிப் பத்து நாள். காலையில் குளிப்பாட்டிவிட்டு லேபுக்கு நடப்பாள். மாலையில் வந்ததும் மறுபடி. குழந்தையைத் தாயிடம் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரு வெள்ளைத் துணி மாற்றுவாள், பிறகு கை கழுவுவாள். மாமி சமையலறையில் ஒரு பானை வெந்நீர் தயாராக வைத்திருப்பாள். கையுறைகளை அதில் போட்டுக் கொதிக்க வைத்தது மாமிதான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ மாமி ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, அக்காவின் கையுறையை அளவு வைத்து, பெட்டியிலிருந்து ஊசி நூல் எடுத்து எங்கள் வளவில் உள்ள பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தாள். கோணல் மாணலாக இருக்கும். ரேஷன் கடை வரிசையில் நாங்கள் அதோடு நின்றோம். இரண்டு வாரத்துக்கு முன்னால் சிரித்த தெருவில் நாலைந்து பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பக்கத்துத் தெரு டெய்லர் தைத்து விற்கத் தொடங்கினார்.

குழந்தைக்கு வரவே இல்லை. அக்காவுக்கு வந்தது.

தாய்க்கும் மாமிக்கும் கண் தெளிந்து, குளிப்பாட்டுகிற அம்மாள் திரும்பி வந்த மறுநாள் காலை அக்கா கண்ணாடி முன்னால் நின்று இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது.

"உள்ள மண்ணு கீது. வந்துகினு கீது" என்றாள்.

"இன்னும் சிவக்கலையே அக்கா. கண்ணாடி போட்டுட்டுப் போங்க. ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்னு சொன்னீங்களே."

கடைசி மூன்று ரீல்தான் பாக்கி. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். லேப் வாசலில் நின்று, வாட்ச்மேனிடம் சொல்லி மேனேஜரை வரவழைத்து, கேட்டுக்கு வெளியே இருந்தபடியே விஷயத்தைச் சொல்லிவிட்டு, நடந்தே திரும்பி வந்துவிட்டாள். மேனேஜர் கோபப்பட்டாராம். "இத்தன நாள் காபந்து பண்ணிட்டு இப்ப வந்து சொல்றியேன்னான்" என்றாள் புருஷனிடம். "நான் உள்ள போயிருந்தா மீதி பேருக்கும் போயிருக்கும்."

மூன்று ரீலும் வேறு ஒரு பெண்ணிடம் போயிற்று.

வளவில் சில பேர், அத்தனை நாள் கையுறை போட்டு என்ன ஆயிற்று, கடைசியில் அவளுக்கும் வந்துவிட்டதே என்று பேசினார்கள். என் அம்மாவே சொன்னாள். மாமி காதில் அது விழுந்துவிட்டது. முற்றத்தின் நடுவில் நின்று, "என் பேத்தியைத் தூக்கறதுக்குக் கழட்டினா. அதான் வந்தது. தெரியாம பேசப்படாது" என்றாள். அக்காவுக்குக் கண் தெளிய ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அக்கா வீட்டுக் குடத்தை மாமியே பம்பில் அடித்து நிரப்பி வாசலில் கொண்டு வைத்தாள். சாதமும் ரசமும் அனுப்பினாள். அதற்காக மாமி வேறு ஆளாகிவிடவில்லை. மடி, புளி எல்லாம் பழையபடி நடந்தது. ஆனால் அக்கா அடித்துவிட்டுப் போன பிறகு இரண்டாம் தரம் புளி போடுவது நின்றுவிட்டது.

அக்கா ஒன்பது நாளும் இருட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் நான் கேட்டுவிட்டேன். "குழந்தையைத் தூக்காம இருந்திருந்தா படத்த முடிச்சிருப்பீங்க இல்ல?"

"முடிச்சிருப்பேன்" என்றாள்.

"வருத்தமா இருக்கா?"

"இருக்காதா பின்ன? கீது." பிறகு, "அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். யோசிக்கறது கத்திரி எடுக்கறவரிக்கும்தான். அப்புறம் வெட்டிடணும்" என்றாள்.

படம் குறித்த நாளில் வெளியாயிற்று. மாம்பலத்துத் தியேட்டருக்கு வந்தபோது நானும் அக்காவும் மாட்னிக்குப் போனோம். டைட்டிலில் எடிட்டர் பெயர் வந்தது, லேபின் பெயர் வந்தது. வெட்டியவர்கள் பெயர் வரும் வழக்கம் இல்லை. அக்கா முதுகை நிமிர்த்தி, கண் கொட்டாமல் பார்த்தாள். கதையைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஷாட் மாறும்போதும் அவள் விரல் மடியில் லேசாக அசைந்தது.

இடைவேளைக்குப் பிறகு வெகுநேரம் ஓடியது. கதாநாயகியைக் கோர்ட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிறார்கள். கதவு திறக்கிறது. அக்காவின் விரல் நின்றுவிட்டது.

"இங்கேர்ந்து நான் இல்ல" என்றாள் காதோரம்.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தியேட்டரில் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். போய்விடலாமா என்று கேட்க நினைத்தேன். அவள் முன்பைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மூன்று ரீலையும் ஒரு ஷாட் விடாமல் பார்த்தாள். திரையில் வணக்கம் போட்டு, விளக்கு எரிந்து, கூட்டம் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதும் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நல்லாத்தான் வெட்டிக்கீறா அந்தப் பொண்ணு" என்றாள். "நாளைக்கு அவகிட்ட சொல்லணும்."